சூழப்பட்டவர்கள்: ஒரு போர்ப்படமும் மலாயாவின் வரலாறும்

திரைப்படம் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியதன்று. சில வேளைகளில் அது வரலாற்றுப் பாடநூலின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. நூலில் படித்ததை மாணவர் மறந்துவிடுவர். திரையில் கண்டதை மறப்பதில்லை. எனவே, போரைப் பற்றிய படம் ஒன்றைக் காணும்போது அது எதைக் காட்டுகிறது என்று கேட்பதோடு, எதைக் காட்டாமல் விடுகிறது என்றும் கேட்கும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை அத்தகைய ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சிலருடன் ஒரு மாலைப் பொழுதில் பழைய ஆங்கிலப் போர்ப்படம் ஒன்றைப் பார்த்தேன். பகைவர் எல்லைக்குள் சிக்கிக்கொண்ட ஒரு சிறு படைக்குழுவின் கதை அது. படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பாராட்டினர். ஐந்தாம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருத்தி மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயா, அந்தக் காட்டில் இவர்களைத் தவிர மனிதர் யாருமே குடியிருக்கவில்லையா?" என்று கேட்டாள். உடனே விடைகூற எனக்கு இயலவில்லை. அன்றிரவு வீட்டிற்குச் சென்ற பின்னரே அக்கேள்வியின் ஆழம் எனக்குப் புலப்பட்டது.

படமும் அதன் கதையும்

அப்படத்தின் பெயர் 'தி லாங் அண்ட் தி ஷார்ட் அண்ட் தி டால்'. 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. லெஸ்லி நார்மன் இயக்கினார். ரிச்சர்ட் டாட், லாரன்ஸ் ஹார்வி, ரிச்சர்ட் ஹாரிஸ் ஆகியோர் நடித்தனர். நிகழும் காலம் 1942. நிகழும் இடம் பர்மாக் காடு.

ஏழு பிரிட்டிஷ் வீரர்கள் ஒரு குடிசையில் தங்குகின்றனர். வானொலிக் கருவியின் வழியே தங்கள் முகாமோடு தொடர்பு கொள்ள முயல்கின்றனர். முகாமின் குரல் கேட்கவில்லை. மாறாக, ஜப்பானிய மொழி கேட்கிறது. பகைவர் மிக அருகில் வந்துவிட்டனர் என்பதையும், தாங்கள் பின்னே விடப்பட்டுவிட்டோம் என்பதையும் அக்கணத்தில் அவர்கள் உணர்கின்றனர். அந்நேரத்தில் தனித்து வந்த ஜப்பானிய வீரன் ஒருவன் அவர்கள் கையில் அகப்படுகிறான். அவனை என்ன செய்வது? உடன் அழைத்துச் செல்லவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. கொன்றுவிடுவதே வழி என்கிறது போரின் கணக்கு. ஆனால், அவன் தன் குடும்பத்தின் புகைப்படத்தை எடுத்துக் காட்டிவிட்டான். பகைவன் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தந்தையின் முகம் தெரிந்துவிட்டது. எவரையும் மதிக்காத வாயாடி வீரன் ஒருவனே அவனுக்காகப் பரிந்து நிற்கிறான். முடிவில், அச்சத்தால் நடுங்கிய இளைஞன் ஒருவனின் துப்பாக்கி வெடிக்கிறது. கைதி மடிகிறான். அவ்வோசையே அவர்கள் இருக்குமிடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

வீர முழக்கம் மிகுந்த போர்ப்படங்களுக்கிடையே இப்படம் தனித்து நிற்கிறது என்பதில் ஐயமில்லை. சூழப்பட்ட மனிதனின் அச்சம், சினம், இரக்கம் ஆகியவற்றை அது உண்மையாகவே காட்டுகிறது. அதன் சிறப்பைக் குறைத்துக்கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், மாணவியின் கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

மலாயாவிலிருந்து பர்மாவுக்கு

இப்படம் ஒரு மேடை நாடகத்திலிருந்து உருவானது. நாடகத்தை எழுதியவர் வில்லிஸ் ஹால். 1959இல் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் அது பெரும்புகழ் பெற்றது. அந்நாடகத்தைப் படித்துப் பார்த்தபோது எனக்கு வியப்பு காத்திருந்தது. அதன் நிகழிடம் பர்மா அன்று, நம் மலாயா! கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம் ஒன்றின் பண்டகக் குடிசையில், ஜப்பானியர் சிங்கப்பூரை நோக்கி முன்னேறிய 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கதை நடைபெறுகிறது. ஹால் போருக்குப் பின்னர் இராணுவப் பணிக்காக மலாயாவில் இருந்தவர். ரேடியோ மலாயாவுக்கும் எழுதியவர். இம்மண்ணை அவர் கண்ணால் கண்டிருக்கிறார்.

நாடகம் திரைக்குச் சென்றபோது மலாயா மறைந்து பர்மா வந்தது. படத்தின் பெரும்பகுதி இங்கிலாந்தின் படப்பிடிப்பு நிலையத்தில் செயற்கையாக அமைத்த காட்டில் எடுக்கப்பட்டது. மேலைநாட்டுப் பார்வையாளர்க்கு மலாயாக் காடும் ஒன்றே, பர்மாக் காடும் ஒன்றே. இடத்தை இவ்வளவு எளிதாக மாற்ற முடிந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. நாடகத்திலும் இம்மண்ணின் மக்கள் எவரும் இல்லை. மலாய்க்காரர் இல்லை, சீனர் இல்லை, பூர்வகுடியினர் இல்லை, தோட்டத்துத் தமிழரும் இல்லை. மக்கள் இல்லாத கதையை எந்த நாட்டிற்கும் கொண்டு செல்லலாம் அல்லவா?

ஆனால், வரலாறு அத்தகையதன்று. அது தன் இடத்தை விட்டு நகர்வதில்லை.

வீரர்கள் எவ்வாறு சூழப்பட்டனர்?

1941 டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இடைப்பட்ட எழுபது நாள்களில் மலாயாவெங்கும் ஒரே வகையான நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் நடைபெற்றது. பிரிட்டிஷ் படை நெடுஞ்சாலையைக் காத்து நின்றது. ஜப்பானியப் படையோ சாலையில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு, மற்றொரு பகுதியைக் காட்டின் வழியாகவும், இரப்பர்த் தோட்டங்களின் வழியாகவும், மேற்குக் கடலோரமாகப் படகுகளிலும் அனுப்பிப் பின்புறச் சாலையை அடைத்தது. முன்னே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது பின்னேயும் பகைவர் நின்றனர்.

இதன் கொடிய எடுத்துக்காட்டு சிலிம் ரிவர்ப் போர். 1942 சனவரி 7ஆம் நாள் விடியற்காலை ஏறத்தாழ மூன்றரை மணிக்கு, நிலவொளியில், சுமார் முப்பது ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பகுதியில் நெடுஞ்சாலை வழியே பாய்ந்தன. தடைகளை உடைத்தும், கைவிடப்பட்ட பழைய சாலை வளைவுகளில் புகுந்தும் அவை முன்னேறின. ஐதராபாத், பஞ்சாப், ஸ்காட்லாந்து ஆர்கைல் படையணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறின. சாலையில் அணிவகுத்துச் சென்றுகொண்டிருந்த கூர்க்கர்கள், பின்னாலிருந்து வந்த டாங்கிகளைத் தம்முடையவை என்று எண்ணுவதற்குள் சுடப்பட்டனர். காலைப் பொழுதுக்குள் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் வசமாயிற்று. இரண்டு இந்தியப் படைப்பிரிவுகள் சில மணி நேரத்தில் உருக்குலைந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். எஞ்சியோர் சாலையின் இருமருங்கிலும் இருந்த தோட்டங்களுக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடினர். நான்கு நாள்களில் கோலாலம்பூர் வீழ்ந்தது.

இங்கே ஓர் உண்மையை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். திரையில் நாம் காண்பது ஏழு பிரிட்டிஷ் வீரர்கள். உண்மையில் மலாயாவில் அவ்வாறு சிக்கியோருள் மிகப் பலர் இந்தியர்; பஞ்சாபியர், சாட்டுகள், கடுவாலியர், கூர்க்கர். அவர்களுள் பலர் பயிற்சி முற்றாத இளைஞர்கள். ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. இந்நாட்டு மொழிகளும் தெரியாது. கையில் வரைபடம் இல்லை. வயிற்றில் உணவு இல்லை.

பாரிட் சூலோங் பாலம்

கைதியை என்ன செய்வது என்பதே படத்தின் மையக் கேள்வி. அதே கேள்வி இம்மண்ணில் மற்றொரு பக்கத்திலிருந்து எழுந்தது. சிலிம் ரிவருக்குப் பின்னர், சனவரி நடுப்பகுதியில் போர் ஜொகூரை எட்டியது. மூவார் ஆற்றங்கரையில் 45ஆம் இந்தியப் படைப்பிரிவும், அதற்குத் துணையாக வந்த ஆஸ்திரேலியப் படையணிகளும் சூழப்பட்டன. படைப்பிரிவின் தலைவர் டங்கன் போரில் மடிந்தார். ஆஸ்திரேலியரான சார்லஸ் ஆண்டர்சன் தலைமையேற்று, பக்ரியிலிருந்து யோங் பெங்கை நோக்கி வழிநெடுகப் போரிட்டுக்கொண்டே வந்தார். ஆனால், பாரிட் சூலோங் பாலம் முன்னரே ஜப்பானியர் கையில் இருந்தது.

படுகாயமுற்றோரை ஏற்றிய இரண்டு மருத்துவ வண்டிகளையாவது பாலத்தைக் கடக்க விடுமாறு ஆண்டர்சன் வேண்டினார். முழுப் படையும் சரணடைந்தாலன்றி இயலாது என்றனர் ஜப்பானியர். சனவரி 22ஆம் நாள், வேறு வழியின்றி, நடக்கக் கூடியவர்கள் சிறு சிறு குழுக்களாகச் சதுப்பு நிலத்திலும் காட்டிலும் புகுந்து தப்பிக்குமாறு ஆணையிட்டார். ஏறத்தாழ 500 ஆஸ்திரேலியரும் 400 இந்தியரும் யோங் பெங் வந்து சேர்ந்தனர். நடக்க முடியாதவர்கள் பின்னே விடப்பட்டனர். அவர்கள் சுமார் 110 ஆஸ்திரேலியர். சுமார் 40 இந்தியர். அவர்கள் அடிக்கப்பட்டு, சுடப்பட்டு, எரிக்கப்பட்டனர். உயிர் பிழைத்த மிகச் சிலருள் ஒருவரான பென் ஹாக்னி என்னும் ஆஸ்திரேலிய அதிகாரியின் சாட்சியம், போருக்குப் பின் ஜப்பானியத் தளபதி நிஷிமுரா தண்டிக்கப்படுவதற்குத் துணைநின்றது. 1951இல் மானுஸ் தீவில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஒரு கைதியின் உயிருக்காக ஒரு குடிசைக்குள் ஏழு பேர் வாதிட்டதைத் திரையில் கண்டோம். பாரிட் சூலோங்கில் நூற்றைம்பது பேருக்காக வாதிட எவரும் இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் அப்படம் எழுப்பும் அறக்கேள்வியின் முழுப் பாரமும் நமக்கு விளங்கும்.

இது எவருடைய போர்?

சூழப்பட்ட இந்திய வீரனுக்கு மட்டுமே உரிய வேறொரு கேள்வியும் இருந்தது. டிசம்பர் 11ஆம் நாள், கெடாவில் ஜித்ராவுக்கு வடக்கே ஜப்பானிய டாங்கிகள் பஞ்சாப் படையணி ஒன்றைச் சிதறடித்தன. அதிலிருந்து பிரிந்த மோகன் சிங் என்னும் கேப்டன், சிலருடன் காட்டிலும் சதுப்பிலும் அலைந்தார். நான்கு நாள்களுக்குப் பின் அலோர் ஸ்டார் அருகே ஜப்பானியரிடம் சரணடைந்தார். அந்நாள்களில் அவர் உள்ளத்தில் எழுந்த எண்ணம், நான் யாருடைய நாட்டைக் காக்க, யாருக்காக இங்கே சாகிறேன் என்பதே. ஜப்பானிய அதிகாரி பூஜிவாராவும் கியானி பிரீத்தம் சிங்கும் அவரைச் சந்தித்தனர். இந்திய தேசிய இராணுவத்தின் விதை அங்கே ஊன்றப்பட்டது.

பின்னர் ஜப்பானியரோடு மோகன் சிங் மாறுபட்டு, 1942 டிசம்பரில் சிறைவைக்கப்பட்டதும், 1943 சூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து அப்படைக்குப் புத்துயிர் ஊட்டியதும், நம் தோட்டத்துத் தமிழ் இளைஞரும் பெண்டிரும் அதில் சேர்ந்ததும் நாம் அறிந்தவையே. அதில் சேர மறுத்துச் சிறைக்கொடுமைகளைத் தாங்கிய இந்திய வீரரும் பலர் உண்டு. இரு சாராருள் எவர் செய்தது சரி என்று தீர்ப்புக்கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அடிமை நாட்டு வீரன் ஒருவன் பகைவர் எல்லைக்குள் சிக்கும்போது, தப்புவது எவ்வாறு என்பதோடு, தன் பகைவர் யார் என்ற கேள்வியும் அவன்முன் நிற்கிறது. இக்கேள்வியை அப்படம் எழுப்பவில்லை, எழுப்பவும் இயலாது. அதில் இந்திய வீரனே இல்லை.

காட்டில் மனிதர் இல்லையா?

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். காட்டில் சிக்கியும் உயிர் பிழைத்தவர்களுள் மிகவும் அறியப்பட்டவர் ஸ்பென்சர் சாப்மன். சிங்கப்பூரில் இயங்கிய 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த இவர், ஜப்பானியர் எல்லைக்குள் வேண்டுமென்றே தங்கியவர். 1942இன் தொடக்கத்தில் தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் இருப்புப் பாதைகளையும் பாலங்களையும் வெடிவைத்துத் தகர்த்தார். மூன்றாண்டுகளுக்கு மேல் காட்டில் வாழ்ந்து, 1945 மே மாதத்தில் பங்கோர்த் தீவருகே நீர்மூழ்கிக் கப்பலில் ஏறித் தப்பினார். 1949இல் அவர் எழுதிய நூலின் கருத்து, காடு நடுநிலையானது என்பது. காடு எவரையும் கொல்வதில்லை, எவரையும் காப்பதுமில்லை. காட்டைக் கண்டு மனந்தளர்ந்தவரே விரைவில் மடிந்தனர் என்றார் அவர்.

நல்ல கருத்துதான். ஆனால், அந்நூலை ஊன்றிப் படிப்போர்க்கு மற்றொன்றும் விளங்கும். காடு நடுநிலையாக இருந்திருக்கலாம். காட்டிலும் காட்டோரத்திலும் வாழ்ந்த மக்கள் நடுநிலையாக இருக்கவில்லை. சாப்மனுக்குச் சோறிட்டவர்கள் சீனக் கெரில்லாக்களும் காட்டோரக் குடியானவர்களும்; வழிகாட்டியவர்கள் பூர்வகுடி மக்கள். அவருடைய மனவுறுதி பெரிது; அவருக்குச் சோறிட்டவர்களின் துணிவு அதனினும் பெரிது. பிடிபட்டால் சாப்மனுக்கு மட்டுமே தண்டனை. அவர்களுக்கோ குடும்பத்தோடு, சில வேளைகளில் ஊரோடு தண்டனை.

பேராக் மாநிலத்துப் பாப்பானில் வாழ்ந்த சிபில் கார்த்திகேசு அம்மையாரை இங்கே நினைவுகூர்தல் தகும். தாதியான அவரும், மருத்துவரான அவர் கணவரும் காட்டிலிருந்து வந்த கெரில்லாக்களுக்கு மறைவாகச் சிகிச்சை அளித்தனர். 1943இல் கைது செய்யப்பட்ட அம்மையார் சொல்லொணாத சித்திரவதைக்கு உள்ளானார். ஆயினும், எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. அக்கொடுமையின் விளைவால் 1948இல் அவர் மறைந்தார். அவர் பெயர் வரலாற்றில் நின்றது. பெயர் நில்லாதவர் எத்தனை பேர்!

என் பாட்டி தென்பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். டாங்கிகள் போன மறுநாள் இரவு, லயத்தின் பின்புறத்தில் இரண்டு சிப்பாய்கள் வந்து நின்றார்களாம். அவர்கள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். பிறகு தன் சட்டையைத் தொட்டுக் காட்டினான். பாட்டியின் தாயார் இருந்த கஞ்சியை ஊற்றிக்கொடுத்து, இரண்டு கைலிகளையும் கொடுத்தார். அவர்கள் கழற்றிப் போட்ட சீருடையை அன்றிரவே வாழைக்கொல்லையில் புதைத்தனர். "அந்தப் பித்தளைப் பொத்தான் மண்ணுக்கு மேல வந்திடுமோன்னு மூணு வருசம் பயந்துகிட்டே இருந்தோம்" என்று பாட்டி சொல்வார். அந்த இருவரும் யார், எங்கே போனார்கள், பிழைத்தார்களா என்பதை அவர் அறியார்.

சிறுவனாக இருந்தபோது இதனைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட எழுதி வைக்கவில்லை. எந்தத் தோட்டப் பிரிவு, எந்த லயம், உடன் இருந்தவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது பாட்டி மறைந்தார். வகுப்பறையில் வரலாறு கற்பிப்பது எப்படி என்று பயின்றுகொண்டிருந்த நான், என் வீட்டுத் திண்ணையில் இருந்த வரலாற்றை இழந்துவிட்டேன். அக்குற்றம் என்னுடையதே.

சூழப்பட்டவர் வீரர் மட்டுமல்லர்

சற்று ஆழ்ந்து நோக்கினால், பகைவர் எல்லைக்குள் சிக்கியவர்கள் படைவீரர் மட்டுமல்லர் என்பது தெரியவரும். துரைமார்கள் வண்டியேறித் தெற்கே சென்றுவிட்டனர். தோட்டங்கள் அப்படியே நின்றன. சம்பளம் இல்லை, அரிசி இல்லை, இந்தியாவுக்குக் கப்பலும் இல்லை. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. மூன்றரை ஆண்டுகள் ஒரு சமுதாயமே சூழப்பட்டுக் கிடந்தது. அவர்களிடமிருந்துதான் ஆயிரக்கணக்கானோரைச் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமான அப்பாதையில் மடிந்த ஆசியத் தொழிலாளர் தொகை, அங்கே மடிந்த போர்க்கைதிகளின் தொகையினும் பன்மடங்கு. ஆயினும், 1957இல் வெளிவந்து உலகப்புகழ் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தின் கதை பிரிட்டிஷ் கைதிகளையே சுற்றிச் சுழல்கிறது. நாம் முன்னர்ப் பேசிய படத்திற்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்துள்ளது.

இதற்காகத் திரைப்படம் எடுத்தவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் தம் மக்களின் கதையைத் தம் மக்களுக்குச் சொன்னார்கள். நம் மக்களின் கதையை நாம் சொன்னோமா என்பதே கேள்வி.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது

போர்ப்படங்களை மாணவர் பார்க்கலாகாது என்று நான் கூறமாட்டேன். பார்க்கட்டும், ஆனால், மூன்று கேள்விகளோடு பார்க்கட்டும். இது எந்த மண்ணில் நடந்தது? அம்மண்ணில் அப்போது வாழ்ந்தவர் யாவர்? இக்கதையைச் சொல்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடைதேடும் மாணவன் படத்தையும் நன்கு சுவைப்பான், வரலாற்றையும் இழக்கமாட்டான்.

போர்க்காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஆனால், அவர்கள் வாய்ச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளலாம். மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டதை, சொன்னவர் பெயர், தோட்டத்தின் பெயர், கேட்ட நாள் ஆகியவற்றோடு எழுதி வரட்டும். நினைவில் பிழை இருக்கலாம். நூல்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். எழுதப்படாததைத் திருத்தவும் வழியில்லை. எங்கள் பள்ளியில் அத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் இரண்டு கைலிகளின் கதையை நானே எழுதினேன். தோட்டப் பிரிவின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கிறது.

தைப்பிங் போர்க் கல்லறையில் துயில்வோருள் பெரும்பகுதியினர் பெயர் அறியப்படாதவர்கள். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தின் சுவர்களிலோ, கல்லறை அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஓரிடத்தில் உடல் உண்டு, பெயர் இல்லை. மற்றோரிடத்தில் பெயர் உண்டு, உடல் இல்லை. கஞ்சியும் கைலியும் கொடுத்தவர்களுக்குக் கல்லறையிலும் இடமில்லை, சுவரிலும் இடமில்லை. அவர்களுக்கு நம் குறிப்பேட்டிலாவது இடம் கிடைக்க வேண்டும். அடுத்த முறை அம்மாணவி அக்கேள்வியைக் கேட்டால், "இருந்தார்கள் அம்மா, இதோ, படித்துப் பார்" என்று எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டும்.